துபாய்க்குப் பிறகும் ஏர் ஷோ வேண்டுமா?

கேள்வி: 22 நவம்பர் 2025, காலை 7.40

"நேற்று துபாயில் தேஜஸ் விழுந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போன வருடம் மெரினாவில் ஐந்து உயிர். 2019-இல் பெங்களூரில் விமானப்படைச் சாகசக் குழுவான சூரிய கிரணின் விமானங்கள் மோதிக்கொண்டன. இன்னும் எதற்கு இந்தச் சாகச நிகழ்ச்சிகள்? காக்பிட்டுக்குள் கேமரா வைத்து எடுத்ததையே யூடியூபில் பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். மூத்தவர்கள் சொல்லுங்கள்."

22 நவம்பர், காலை 9.15

நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. காரணத்தை அப்புறம் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். விங் கமாண்டர் நமன்ஷ் சியாலின் விமானம் விழும் காணொளியை இந்த இழையில் யாரும் போடாதீர்கள். அவர் சூலூரில் பணியாற்றியவர். கோவைப் பக்கம் இருப்பவர்கள் அவர் பறந்த சத்தத்தை அண்ணாந்து கேட்டிருப்பார்கள். அவருக்குக் குடும்பம் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது நாம் ஆளுக்கொரு காரணம் சொல்லத் தேவையில்லை. துபாயில் நின்ற தேஜஸிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று விபத்துக்கு முந்தின நாள் பரவிய கதையையும் இங்கே கொண்டுவராதீர்கள். குளிர்சாதன அமைப்பிலும் ஆக்சிஜன் அமைப்பிலும் சேரும் தண்ணீரை வேண்டுமென்றே வெளியேற்றியதுதான் அந்தப் படம் என்று அரசே மறுத்துவிட்டது.

22 நவம்பர், காலை 11.50

சரி, யூடியூப் விஷயம்.

நான் சேலையூரில் வளர்ந்தவன். தாம்பரம் விமானப்படைத் தளத்துக் கிரண் பயிற்சி விமானங்கள் எங்கள் தெருவுக்கு மேலேதான் திரும்பும். அம்மா மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் நின்று எத்தனை போகிறது என்று எண்ணுவேன். அதனால் சத்தம் எனக்குப் புதிது இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் முதல் முறை, ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும் பெங்களூர் எலஹங்கா தளத்துக்குப் போனேன். ஓடுதளத்தின் ஒரு முனையில் சுகோய்-30 ஆஃப்டர்பர்னரை (எஞ்சினின் பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) போட்டது. நெருப்பு முதலில் தெரிகிறது. சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. அது வரும்போது காதுக்கு வருவதில்லை. சட்டைப் பொத்தான் அதிர்கிறது, கால் வழியாக ஏறுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். எந்த ஒலிபெருக்கியிலும் இது வராது.

பதிவுகளை நானும் பார்க்கிறேன், தினமும் பார்க்கிறேன். ஆனால் பதிவில் கேமரா எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்க முடியும். மைதானத்தில் ஒரு விமானம் மேகத்துக்குப் பின்னால் போனால், அது எங்கிருந்து வரும் என்று பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் தேடுகிறோம். ஒரு குழந்தைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

23 நவம்பர், காலை 8.05

"பார்க்கப் போகிறவர்கள்தான் எப்போதும் சாகிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

ராம்ஸ்டைன், 1988: 70 பேர். உக்ரைனின் ஸ்க்னிலிவ், 2002: 77 பேர். இரண்டும் உண்மை, இரண்டும் கொடூரம். ஆனால் விதிகளைக் கறாராக வைத்த நாடுகளையும் பாருங்கள். பிரிட்டனில் 1952 ஃபார்ன்பரோவில் டி.எச்.110 என்ற சோதனைப் போர் விமானம் வானத்திலேயே உடைந்து கூட்டத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரோடு பார்வையாளர்கள் 29 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் அதற்கு முந்தைய வருடம் கொலராடோவின் ஃபிளாக்லரில் 20 பேர். இந்த இரண்டுக்கும் பிறகுதான் விதிகள் இறுகின. விமானம் கூட்டத்தை நோக்கித் திரும்பக் கூடாது, கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் கூடாது, இவ்வளவு தூரத்துக்குள் வரக் கூடாது. அமெரிக்க விதிப்படி வேகமான ஜெட் விமானங்களுக்குப் பார்வையாளர் கோட்டிலிருந்து 1500 அடி. அதன் பிறகு அங்கே ஏர் ஷோவில் விமானம் விழுந்து பார்வையாளர் யாரும் சாகவில்லை. (2011 ரீனோ விபத்து விமானப் பந்தயம். அதன் விதிகள் வேறு.) துபாயிலும் விமானம் பார்வையாளர்கள் பக்கம் வரவில்லை. அந்தக் கோடு எதற்காகப் போடப்பட்டதோ அந்த வேலையைச் செய்தது.

அதனால் விமானி இறந்தது சின்ன விஷயம் ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள், தனித்தனியாகப் பேசுவோம்.

23 நவம்பர், இரவு 10.20

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். ஒன்றைச் சேர்க்காவிட்டால் அது பாதிதான்.

2015 ஆகஸ்டில் பிரிட்டனின் ஷோரமில் ஒரு பழைய ஹாக்கர் ஹண்டர் போர் விமானம் லூப் (வானத்தில் செங்குத்தாக ஒரு வட்டம்) அடித்து முடிக்க உயரம் போதாமல் ஏ27 சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். ஒருவர்கூட மைதானத்துக்குள் இருக்கவில்லை. எல்லோரும் வெளியே சாலையில் போனவர்கள், அங்கே நின்று பார்த்தவர்கள். டிக்கெட் வாங்கியவர்களைக் கோடு காப்பாற்றியது; வெளியே நின்றவர்களுக்கு எந்தக் கோடும் இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு எலஹங்கா தளத்தை ஒட்டிப் போகும் பெல்லாரி சாலைதான் கண்ணில் வருகிறது. ஏரோ இந்தியா நடக்கும்போது ஹுணசமாரனஹள்ளிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பைக்கை ஓரம் கட்டி, பிள்ளையைத் தோளில் ஏற்றி, டிவைடரில் உட்கார்ந்து, இளநீர் குடித்துக்கொண்டு ஒரு ஊரே நிற்கும். போலீஸ் விரட்டும், ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். உள்ளே இருப்பதைவிட அங்கேதான் சந்தோஷம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்தக் கூட்டம் எந்தப் பாதுகாப்புக் கணக்கிலும் இல்லை. விரட்டுவது பதில் ஆகாது. அவர்களுக்கும் ஒரு இடத்தைக் குறித்து, கயிறு கட்டி, தண்ணீர் வைத்தால்தான் கணக்கில் வருவார்கள்.

ஹைதராபாத் பேகம்பேட் இதைவிட மோசமான உதாரணம். 2010 மார்ச் 3, அங்கே நடந்த விமானக் கண்காட்சியின் முதல் நாள். கடற்படையின் சாகர் பவன் சாகசக் குழுவின் கிரண் விமானம் ஒன்று போவன்பள்ளியில் வீடுகள் இருக்கும் பகுதியில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். அந்தக் குழு அதோடு முடிந்தது. நகரத்தின் நடுவில் இருக்கும் ஓடுதளத்தில் சாகசம் வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

24 நவம்பர், மாலை 6.30

மெரினா பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழா. 21 வருடத்துக்குப் பிறகு சென்னையில் நிகழ்ச்சி. 72 விமானங்கள். நேரம் காலை 11 முதல் 1 வரை. 15 லட்சம் பேர் வரவேண்டும், லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவித்த இலக்கு.

வானத்தில் நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பெங்களூரில் பிப்ரவரிக் காற்று வறட்சி. சென்னையில் அக்டோபர் காற்று ஈரம். ரஃபேல் இறுக்கித் திரும்பும்போது இறக்கைக்கு மேல் வெள்ளையாக ஆவி பொங்கி, திருப்பம் தளர்ந்ததும் காணாமல் போனது. எலஹங்காவில் அப்படி நான் பார்த்ததே இல்லை. விமானப்படையின் சாகசக் குழுவான சாரங்கின் ஹெலிகாப்டர்கள் கடல் மேல் எதிரெதிரே வந்து கடந்தபோது என் பக்கத்தில் நின்ற மீனவப் பெண் ஒருவர் "ஐயோ சாமி" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தார். முடிந்ததும், "நாளைக்கும் வருமா?" என்று கேட்டார்.

தரையில் நடந்ததுதான் வேறு. எட்டு மணிக்கே வந்து மணலில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். நிழல் கிடையாது. பதினொன்றரை மணிக்கெல்லாம் எங்கள் பக்கம் தண்ணீர் விற்கிறவர்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. செல்போன் வேலை செய்யவில்லை. ஒரு மணிக்கு முடிந்ததும் அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, மேற்குப் பக்கம் இருக்கும் அதே சில தெருக்களுக்குள் நுழைந்தோம். ஒரு ரயில் நிலையப் படிக்கட்டில் நான் மாட்டிக்கொண்டேன். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. எனக்கு முன்னால் ஒரு அப்பா, சின்னப் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். கை நடுங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் மாற்றி மாற்றிப் பிடித்தோம். அவள் கையில் காகிதக் கொடி கடைசிவரை இருந்தது.

அன்று ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. வெயில், நீரிழப்பு, நெரிசல். விமானங்கள் யாரையும் தொடவில்லை.

என் கட்சியே இதுதான். நம் ஊரில் பார்வையாளர்களைக் கொல்வது விமானம் இல்லை, தரை ஏற்பாடு. ஏர் ஷோவை நிறுத்தச் சொல்கிறவர்கள் தவறான இடத்தைக் கைகாட்டுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வருகிறது. 15 லட்சம் என்ற எண்ணை ஒரு சாதனையாக வைத்தார்கள். அது அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை எண்ணாகத்தான் பட்டிருக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கும் முன், எத்தனை பேர் பத்திரமாகத் திரும்ப முடியும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

24 நவம்பர், இரவு 9.10

மெரினாவுக்கு நேரமும் தப்பு. கிழக்கே கடல், மேற்கே நகரம். காலையில் வெயில் கண்ணில் அடிக்கும், நடுப்பகலில் உச்சியில் நிற்கும். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், விமானத்தின் மேல் நேராக வெளிச்சம் விழும், கடல்காற்றும் வந்துவிடும். மூன்றரை மணிக்கு ஆரம்பித்தால் என்ன கெட்டுப்போகும்?

25 நவம்பர், காலை 7.25

ஒரு தம்பி நல்ல பதில் கொடுத்திருக்கிறார்: "அக்டோபர் மாலையில் இடி மழை வரும். ஆறு மணிக்கு இருட்டிவிடும். இருட்டில் அவ்வளவு கூட்டம் கலைந்தால் என்ன ஆகும், அண்ணா?"

நியாயம். இரவு முழுக்க யோசித்தேன். மழை மேகத்தை நான் எடைபோடவே இல்லை. காலை எட்டு முதல் பத்து வரை என்றால்? வெளிச்சம் கண்ணில் அடிக்கும், ஆனால் பத்தரைக்கெல்லாம் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். படம் எடுக்கிறவனுக்கு மாலை. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் காலை. இரண்டில் ஒன்று என்றால் காலைக்கே என் ஓட்டு. படம் கறுப்பாக வந்தால் வரட்டும்.

இன்னொன்று. அன்றைய நிகழ்ச்சிக்கு முன் ஒத்திகைகள் நடந்தன. வெள்ளிக்கிழமை முழு ஒத்திகையிலேயே பெரும்பாலானவை பறந்தன. ஒத்திகை நாட்களையும் அதிகாரபூர்வமான பார்வை நாள் என்று அறிவித்து, பேருந்து விட்டால், கூட்டம் தானாகவே பிரியும். பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் என்று கரை நெடுக ஒலிபெருக்கி வைத்து வர்ணனை கொடுத்தால் எல்லோரும் கலங்கரை விளக்கத்தை நோக்கி ஓட மாட்டார்கள். கடற்கரை நீளம்தானே நம் பலம்!

26 நவம்பர், மதியம் 1.00

கேமரா கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜெட் என்றால் ஷட்டர் 1/1600-க்கு மேல். 100-400 லென்ஸ் போதும். மதிய வெப்பத்தில் தரையோடு ஒட்டிப் போகும் விமானத்தை எடுக்க வேண்டாம், கானல் எல்லாவற்றையும் கலைத்துவிடும். விசிறி உள்ள விமானத்துக்கு வேகத்தைக் குறையுங்கள், 1/200 பக்கம். விசிறி உறைந்து நின்ற படம் கொலு பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.

மெரினாவில் நான் அதிகம் படம் எடுத்தது ரஃபேலை இல்லை, டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்தை. பெயர் பரசுராமா. வால் எண் வி.பி.905. 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு முதல் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் நினைவாக வைத்த எண். இந்த விமானம் பழைய இரும்பாகப் போயிருக்க வேண்டியது. வாங்கிச் சீர்செய்து 2018-இல் விமானப்படைக்குக் கொடுத்தார்கள். அது மெதுவாக, இரண்டு எஞ்சினும் உறுமிக்கொண்டு போகும்போது கூட்டம் கொஞ்சம் சலித்து செல்போனைக் கீழே இறக்கியது. எனக்குத் தொண்டை அடைத்தது. பறக்கும் பழைய விமானம் ஒன்றை நம் ஊர் ஆள் எங்கே போய்ப் பார்ப்பான்? அருங்காட்சியகத்தில் நிற்பதற்கும் தலைக்கு மேல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

30 நவம்பர், காலை 10.40

"எதிர்காலம் என்ன?" என்று கேட்டவருக்கு. எனக்குப் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது விபத்தால் வந்த பயம் இல்லை.

செப்டம்பர் 26-இல் சண்டிகரில் மிக்-21 ஓய்வு பெற்றது. அதோடு போர் விமானப் படைப்பிரிவுகள் 29 ஆகக் குறைந்துவிட்டன. அனுமதிக்கப்பட்டது 42. இருப்பதே குறைவு என்றால், காட்சிக்கு எத்தனை விமானங்களை ஒதுக்குவார்கள்? இது நடந்தும் இருக்கிறது. சூரிய கிரண் 1996-இல் பீதரில் தொடங்கியது. 2011-இல் கிரண் விமானங்கள் பயிற்சிக்கே தேவை என்று குழுவை நிறுத்திவைத்தார்கள். ஹாக் பயிற்சி விமானத்தோடு திரும்ப வரச் சில வருடங்கள் ஆயின. இந்த வருடம் பிப்ரவரியில் ஏரோ இந்தியாவுக்குப் போனவர்களுக்குச் சாரங் கிடைக்கவில்லை. போர்பந்தரில் ஜனவரி 5-இல் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்த பிறகு, சாரங் ஓட்டுவது உட்பட எல்லாத் துருவும் தரையில் நின்றன. ஒரே ரக விமானத்தை நம்பியிருக்கும் குழுவின் கதி அதுதான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஃபார்ன்பரோ 2018-க்குப் பிறகு பொதுமக்களுக்கான வார இறுதியையே விட்டுவிட்டது; இப்போது வியாபாரம் மட்டும். பிரிட்டனின் சண்டர்லண்ட் கடற்கரையில் இலவசமாக நடந்த நிகழ்ச்சி 2019-க்குப் பிறகு நடக்கவில்லை. கரியமில இலக்குக்கு ஒத்துவராது என்று அந்த ஊர் நிர்வாகம் கைவிட்டது. பிரிட்டன் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் ஓட்டும் ஹாக் டி1-க்கு 2030 வரைதான் ஆயுள்.

வியாபாரிகளுக்குக் கூட்டம் தேவையில்லை. அமெரிக்காவின் எஃப்-35-உம் ரஷ்யாவின் சு-57-உம் எலஹங்காவில் ஒன்றாக நின்ற பிப்ரவரியில், ஐந்து நாளில் பொதுமக்களுக்குக் கடைசி இரண்டு நாள்தான். பறப்பதை மட்டும் பார்க்கும் டிக்கெட்டே ஆயிரம் ரூபாய். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் நாலாயிரம். பெல்லாரி சாலையில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

3 டிசம்பர், இரவு 8.45

2019 ஏரோ இந்தியாவில் நடந்த பார்க்கிங் தீயைப் பற்றி ஒருவர் கேட்டார். நான் அன்று உள்ளே இருந்தேன்.

பிப்ரவரி 23, சனிக்கிழமை. நாலு நாள் முன்னால்தான் ஒத்திகையில் இரண்டு சூரிய கிரண் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்திருந்தார். எல்லோர் மனதிலும் அதுதான். திடீரென்று ஒரு பக்கம் கறுப்புப் புகை மலை மாதிரி எழுந்தது. என்னைச் சுற்றி நின்ற ஒவ்வொருவரும் விமானம் விழுந்துவிட்டது என்றே நினைத்தோம். ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கார்கள் எரிகின்றன என்று தெரிந்தபோது கூட்டம் வாய்விட்டு மூச்சு விட்டது. அப்புறம்தான் ஒவ்வொருவருக்கும் தன் வண்டி ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட 300 கார்கள் போயின. காய்ந்த புல்லின் மேல் வரிசை வரிசையாக வண்டிகள். நடுவில் இடைவெளி இல்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரிய விஷயம்.

விமானத்தில் பறவை மோதாமல் இருக்க எலஹங்கா தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் இறைச்சிக் கடைகளைப் பல நாள் மூடவைக்கிறார்கள். பருந்துகள் வரக் கூடாது என்பதற்காக. அது சரியான முன்னெச்சரிக்கைதான். ஆனால் ஓடுதளத்தைச் சுற்றி அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, வண்டி நிறுத்தும் புல்லை வெட்டுவதும் மெரினாவில் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் கடினமா?

7 டிசம்பர், காலை 9.30

துபாயைப் பற்றி மறுபடி ஒன்று. சியால் இறந்த பிறகும் அங்கே நிகழ்ச்சி தொடர்ந்தது. அமெரிக்க எஃப்-16 காட்சிக் குழு தங்கள் பறப்பை ரத்து செய்துவிட்டு விலகியது. "நிகழ்ச்சி நிற்கக் கூடாது என்று சொல்கிற நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அன்று நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு மனிதன் இறந்த ஓடுதளத்தில் அதே மதியம் வர்ணனையும் இசையும் எனக்கு ஏற்கவில்லை. ஏர் ஷோ வேண்டும் என்பதும் அன்று அதை முடித்திருக்க வேண்டும் என்பதும் ஒன்றையொன்று அடிக்காது. அந்த எஃப்-16 குழுவினர் பறப்பையே தொழிலாகக் கொண்டவர்கள். அடுத்த நிகழ்ச்சியில் கண்டிப்பாகப் பறப்பார்கள். அன்று மட்டும் பறக்கவில்லை. எனக்கு அது போதும்.

9 டிசம்பர், இரவு 9.00

இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்ட அக்காவுக்கு: போங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் காதை மூடும் ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சு போதாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்பு போட்ட மோர். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் எண் எழுதிய சீட்டு. கடைசி நிகழ்ச்சிக்கு முன்னாலேயே கிளம்புங்கள், அல்லது எல்லோரும் போன பிறகு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். நடுவில் கிளம்பாதீர்கள். எது முதலில் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதோ அதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் போதும்.

14 டிசம்பர், மாலை 5.15

இழையைத் தொடங்கிய நண்பர் நேற்று தனியாக எழுதியிருந்தார். இன்னும் முழுக்க மனம் மாறவில்லை. ஆனால் "நிறுத்து" என்பதை விட்டுவிட்டு, "பெரிய நிகழ்ச்சி வேண்டாம், சின்னச் சின்னதாக நடத்தட்டும்" என்கிறார். இதில் எனக்குப் பாதிச் சம்மதம். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் மூன்று இடத்திலும் தளம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளை வரச்சொல்லி, இரண்டு விமானம் பறந்து, நான்கு விமானத்தைத் தொட்டுப் பார்க்க விட்டால் போதும். தஞ்சாவூர்ப் பிள்ளை சுகோயைப் பார்க்க எலஹங்கா வரை வரத் தேவையில்லை. மீதிப் பாதிக்கு நான் வாதாடத்தான் செய்வேன்: சூரிய கிரணின் ஒன்பது ஹாக் ஒன்றாக வருவதை ஒரு சின்ன மைதானத்தில் காட்ட முடியாது, அதற்குக் கடற்கரைதான் வேண்டும்.

மெரினாவுக்கான யோசனைகளை (காலை எட்டு மணி, ஒத்திகை நாள், கரை நெடுக ஒலிபெருக்கி, தண்ணீர், கலையும் வழி) ஒரு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று இங்கே கீழே எழுதுங்கள். தெருப் பெயர் வேண்டும், நேரம் வேண்டும். பொங்கலுக்கு முன் அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.